விடுதலைக்குப் பின்னும் நிற்கும் கூலிக் கடன்

கொத்தடிமையாக இருந்த பண்ணைக் கூலியாளை அதிகாரிகள் மீட்டுவிட்டால் அவருடைய கணக்கு தீர்ந்துவிட்டதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். தீரவில்லை.

குடகனாற்றங்கரைத் தாடிக்கொம்பில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், கணவன் மனைவி இருவருக்கு 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, அதைச் சொல்லியே ஈராண்டுகள் வெளியே போகவிடாமல் வேலை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார். "என் முன்பணம் போயிற்றே!" என்கிறார் தோட்டக்காரர். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் ஒழிந்தது. அதைத் திரும்ப வாங்குவதே குற்றம். அவர் கொடுக்க வேண்டியதைப் பற்றியோ பேச்சே இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் குறைத்திருந்தால், 600 வேலை நாட்களுக்கு இருவருக்கும் சேர்த்து 2,40,000 ரூபாய் ஆகிறது. இப்போது யார் யாருக்குக் கடன்காரர்?

அரசாங்கம் தரும் மறுவாழ்வு நிதியை இதில் கழிக்க இயலாது. அது உதவி, கூலி அவர்களுடைய ஹக். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புத்தான் என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கி கேட்டு மனுச் செய்ய 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாதமே தந்தது. மீண்டு வந்தவர் குடிசை போடுவதற்குள் அது ஓடிவிடும்! 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு மூன்றாண்டுகள் தருகிறது.

ஷரீஅத்தில் இக்கடனுக்குக் காலாவதி கிடையாது. முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்குக் கியாமத் நாளில் அல்லாஹ்வே எதிர்வாதி என்று ஹதீஸ் குத்ஸியில் வந்துள்ளது. குகையில் சிக்கிய மூவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் புகாரீயில் காண்கிறோம். அவர்களில் ஒருவர், கூலியாள் வாங்காமல் போன தானியத்தை விதைத்துப் பெருக்கி, அவன் பல காலம் கழித்து வந்தபோது அதிலிருந்து கிடைத்த கால்நடைகளை மேய்ப்பனோடு ஒப்படைத்தார். நம்மிடமோ அசலே நிற்கிறது.

ஜமாஅத் பெரியவர்கள் நடுவே அமர்ந்து 5,000 ரூபாயில் "முடித்து" வைப்பதைச் சமரசம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அச்சத்தால் விட்டுக்கொடுத்தது மன்னிப்பாகாது. பள்ளிவாசலுக்கு அள்ளிக் கொடுத்தாலும் இந்தப் பாக்கி அடையாது. கணக்கு நோட்டு இல்லையென்பவர் நடவு, களையெடுப்பு, அறுவடை நாட்களை வைத்துக் கணக்கிடட்டும். உரியவர்கள் ஊர் மாறியிருந்தால் தேடிச் சென்று கொடுக்கட்டும். மரணித்திருந்தால் வாரிசுகளிடம் சேர்க்கட்டும்.