ஃபில்டரைத் திருத்தச் சொன்னால் எங்கே தொடங்குவது?

"அந்த ஃபில்டர் பகுதியைக் கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள்" என்று மேனேஜர் சொல்லும்போது சின்ன வேலை போலத்தான் தெரியும். நாலு டிராப்டவுனை இடம் மாற்றி, நிறம் மாற்றினால் முடிந்தது என்று தோன்றும். அப்படி நினைத்து இறங்கிவிடாதீர்கள். மென்பொருளின் மற்ற பாகங்கள் பெரும்பாலும் தகவலைக் காட்டுகின்றன, ஃபில்டரோ மறைக்கிறது. எதை மறைத்திருக்கிறது என்று அது சொல்லாவிட்டால், திரையில் இருப்பதுதான் மொத்தமும் என்று நம்பி ஒருவர் முடிவெடுப்பார்.

சப்போர்ட் டீம் பார்க்கும் டிக்கெட் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். நேற்று மாலை ஒருவர் "சென்னை" என்று ஃபில்டர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். இன்று காலை திறந்தால் அதே ஃபில்டர் அப்படியே நிற்கிறது. மதுரையிலிருந்து வந்த அவசர டிக்கெட் அவர் கண்ணில் படவே இல்லை. இதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. எக்செலில் ஃபில்டர் போட்டால் வரிசை எண்கள் நீலமாகும், தலைப்பில் புனல் குறி வரும். அப்படியிருந்தும் எத்தனை பேர் அதைக் கவனிக்காமல் 'சம்' போடுகிறார்கள்! அது மறைந்த வரிசைகளையும் சேர்த்துத்தான் கூட்டும். கண்ணில் தெரிவதை மட்டும் கூட்ட 'சப்டோட்டல்' வேண்டும். ஆகவே உங்கள் திரையில் முதல் மாற்றம் இதுவாக இருக்கட்டும்: போட்டிருக்கும் ஃபில்டர்கள் எல்லாம் பட்டியலுக்கு நேர் மேலே, ஒவ்வொன்றும் தனியாக நீக்கும்படி, "840 டிக்கெட்டில் 62" என்ற கணக்கோடு நிற்க வேண்டும்.

அடுத்து, எந்தெந்த ஃபில்டர் வேண்டும் என்ற கேள்வி. பழைய திரைகள் பலவற்றில் டேட்டாபேஸில் உள்ள நெடுவரிசைகளே வரிசையாக ஃபில்டர்களாகி இருக்கும். டிசைன் மென்பொருளைத் திறப்பதற்கு முன், அந்தத் திரையில் தினமும் வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "என்ன மாற்றம் வேண்டும்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பொத்தான் கேட்பார்கள். "கடைசியாக எதைத் தேடினீர்கள்? இப்போது எனக்குத் தேடிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். 'என் பேரில் இருக்கிற, இன்னும் முடியாத, இன்றோடு கெடு முடிகிற டிக்கெட்' என்பதுபோல இரண்டு மூன்று தேவைகளே திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஒரே தட்டலில் கிடைக்கும்படி மேலே வையுங்கள். லாக்கில் யாரும் தொட்டதற்கான சுவடே இல்லாத ஃபில்டர்களை "மேலும்" என்பதற்குள் தள்ளுங்கள்.

ஃபில்டர்களைப் பிரித்து அடுக்கும் கலையில் நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். ஒரு நூலின் பொருளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, கோலன் குறியால் இணைத்து எண் கட்டும் வகைப்பாட்டை அவர் 1933இல் வெளியிட்டார். கடைத் தளங்களில் பிராண்டு, விலை, அளவு என்று பக்கவாட்டில் பார்க்கிறோமே, அதற்கும் அடிப்படைச் சிந்தனை இதுதான். ஒரு கூறு ஒரே வகைக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் "நிலை" டிராப்டவுனை இந்தக் கண்ணோடு பாருங்கள். 'திறந்தது', 'அவசரம்', 'வேறு டீமுக்குப் போனது' மூன்றும் அதில் ஒன்றாகக் கிடந்தால், நிலை, முன்னுரிமை, பொறுப்பாளர் என்ற மூன்று கூறுகள் குழம்பியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தாலே பாதிச் சிக்கல் தீரும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. டிக்கெட் பட்டியலுக்கும் அது பொருந்துகிறது.

பிரித்த பிறகு இணைக்கும் விதி. ஒரே கூறுக்குள் சென்னை, மதுரை இரண்டையும் தேர்ந்தால் 'இதுவோ அதுவோ' என்றும், வெவ்வேறு கூறுகளில் தேர்ந்தால் 'இதுவும் அதுவும்' என்றும் மக்கள் எதிர்பார்க்கிறார்கள். லேபிள்களில் மட்டும் இந்த எதிர்பார்ப்பு மாறலாம்; அங்கே "எல்லாம் பொருந்த வேண்டும்", "ஏதேனும் ஒன்று போதும்" என்று எழுத்திலேயே காட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் எண்ணிக்கை போட்டால், பூஜ்யம் என்று தெரிகிற இடத்தில் யாரும் தட்டமாட்டார்கள். ஆனால் அந்த எண்ணைக் கணக்கிட ஆகும் சுமை பேக்எண்டின் தலையில் விழும். டிசைனை முடித்துவிட்டுச் சொல்லாமல், முதல் நாளே அந்த டெவலப்பரோடு பேசுங்கள். முடிவே வராத திரையில் "எதுவும் கிடைக்கவில்லை" என்று கைவிரிக்காமல், எந்த ஃபில்டரை எடுத்தால் எத்தனை வரும் என்று சொல்லலாம்.

தட்டியதும் பட்டியல் மாற வேண்டுமா, "காட்டு" என்று அழுத்திய பிறகா? பதில் ஒரு நொடிக்குள் வருமானால் கணினித் திரையில் உடனே மாறட்டும். கைபேசியில் ஃபில்டர் பலகை பட்டியலையே மூடிவிடுவதால், "62 டிக்கெட்டைக் காட்டு" என்ற பொத்தான்தான் வசதி. ஃபில்டரின் நிலை யூ.ஆர்.எல்.லில் இருந்தால் பேக் பொத்தான் ஒழுங்காக வேலை செய்யும், லிங்க்கை சக ஊழியருக்கும் அனுப்பலாம். நீக்கும் பெருக்கல் குறியைப் பொடிசாகப் போடாதீர்கள்: 2023இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 நெறிமுறை, தொடும் இடத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கிறது. எண்ணிக்கை மாறுவதை ஸ்கிரீன் ரீடரும் வாசிக்க வேண்டும்.

ரிலீஸுக்கு முன் நாலைந்து பேரை வைத்துப் பாருங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காமல், குறிப்பிட்ட ஒரு டிக்கெட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் கவனியுங்கள். பழைய திரையில் ஆட்கள் சேமித்து வைத்த ஃபில்டர்கள் புதியதிலும் திறக்க வேண்டும். இதில் தவறினால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் திட்டுதான் மிஞ்சும். முதலில் ஒரே டீமுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

பழைய திரை போவதற்குள் அதன் எண்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: முடிவே வராத தேடல்கள் எத்தனை, ரீசெட் எத்தனை முறை அழுத்தப்பட்டது, பட்டியலைத் திறந்ததிலிருந்து முதல் டிக்கெட்டைத் திறக்க எவ்வளவு நேரம். ரிலீஸுக்குப் பிறகு அதே மூன்றையும் மறுபடி எடுத்து, பழையதையும் புதியதையும் அருகருகே போட்டு அப்ரைசலுக்குக் கொண்டுபோங்கள்.