எறியும் முன் திரும்பிப் பார்!

முதலாண்டு கோடை விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர், எல்லோருக்கும் பதினேழு வயது, என் மாமாவோடு நீலகிரி அவலாஞ்சிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கினோம். உரிமம் எடுத்து ஓடையில் டிரவுட் பிடிப்பதுதான் திட்டம். வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட குளிர்நீர் மீன் அது.

இந்தத் தூண்டிலில் மண்புழு கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈதான். அதற்கு எடையே இல்லை. அப்புறம் எப்படித் தூரம் போகும்? எடை கயிற்றில் இருக்கிறது! 5-ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். தூண்டில் கம்பை வீசிச் சட்டென்று நிறுத்தினால், வளைந்த கம்பு நிமிர்ந்து, தன்னிடம் சேர்ந்த ஆற்றலைக் கயிற்றுக்குக் கொடுக்கிறது. கயிறு பின்னால் முழுசாக நீண்ட பிறகே முன்னால் வீச வேண்டும்.

நான் என்ன செய்தேன்? கிரிக்கெட் பந்து எறிகிற மாதிரி பலத்தைக் காட்டினேன். பின்னால் திரும்பியும் பார்க்கவில்லை. "ஐயோ!" என்று அலறல். கொக்கி நண்பனின் புருவத்தில்! கண்ணுக்கு ஒரு விரற்கடைதான் தூரம். நல்லவேளை, மாமா முன்தினமே குறட்டால் கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கி வைத்திருந்தார். அதனால் சுலபமாகக் கழன்று வந்தது.

"பலம் எல்லாருக்கும் இருக்குடா. நிறுத்தத் தெரியணும்" என்றார் மாமா.

அன்று மீன் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் வீல் முன் நின்றால், முதலில் கண்ணாடி, அடுத்து பக்கத்தில் யார் என்று ஒரு பார்வை, அப்புறம்தான் சுவிட்ச். நீங்களும் அப்படியே செய்யுங்கள், நண்பர்களே!