குளியல் தொட்டியில் சிக்கிய மன்னன்

இங்கிலாந்தின் தென்மேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் சிறு நிலம் கார்ன்வால். அதற்கெனத் தனிமொழி ஒன்று உண்டு. அது ஆங்கிலத்தின் கிளையன்று. வேல்ஸ், பிரெட்டன் மொழிகளின் உடன்பிறப்பு. அம்மொழியில் புனிதர் வரலாறு கூறும் பழைய நாடகங்கள் இரண்டே நமக்குக் கிடைத்துள்ளன. இரண்டிலும் வந்து உறுமி, உதைபட்டுப் போகிறான் டியூடார் என்னும் கொடுங்கோலன். மன்னர் வரிசைகளில் இடம்பெறாத இவனுக்கு மேடையில் மட்டும் குறைவில்லாத வாழ்வு!

‘பெவ்னன்ஸ் கே’ என்னும் நாடகத்தைப் பாருங்கள். கே என்ற துறவியின் உழவு மாடுகளை டியூடார் பறித்துக் கொள்கிறான். காட்டு மான்கள் வந்து ஏர் இழுக்கின்றன. பின்னர் அரசன் ஒரு வாக்கு அளிக்கிறான்: தான் குளித்து முடிப்பதற்குள் எவ்வளவு நிலத்தைத் துறவி வளைக்கிறாரோ அவ்வளவும் அவருக்கே. குளிக்கப் புகுந்த அரசனோ தொட்டியில் ஒட்டிக்கொண்டு எழ முடியாமல் தவிக்கிறான். வெளியே வேலி நீண்டுகொண்டே போகிறது! வட்டமாக மண்கரை எழுப்பிய திறந்தவெளிக் களங்களில் அந்நாட்டு மக்கள் நாடகம் பார்த்தனர். அத்தகைய களம் செயின்ட் ஜஸ்ட் என்ற ஊரில் இன்றும் உள்ளது.

வெறும் சிரிப்புத்தானா இது? மற்ற நாடகமான ‘பியூனன்ஸ் மெரியாசெக்’ ஏட்டில் 1504 என்ற ஆண்டு காணப்படுகிறது. அதற்கு ஏழாண்டுகள் முன், 1497 இல், ஸ்காட்லாந்துப் போருக்கென விதித்த வரியை எதிர்த்துக் கார்ன்வால் மக்கள் இலண்டன் வரை நடந்தே சென்றனர். தலைமை தாங்கியோர் ஒரு கொல்லரும் ஒரு வழக்கறிஞரும். இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அப்போது ஆண்டவன் ஏழாம் ஹென்றி. அவன் குலப்பெயர் டியூடர். நம் எழுத்தில் ஒரு கால்தான் வேற்றுமை!

ஆகவே இது அரசனைக் குத்திய நையாண்டி என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பௌதிகம் பயிலும் எனக்கு, ஒலி ஒற்றுமையைக் கண்டவுடன் காரணம் சொல்லிவிடக் கூசுகிறது. கொடியவனான டியூடார் பழைய இலத்தீன் புனிதர் கதையிலேயே வருகிறான். ஆதலின் நாடகாசிரியர் அப்பெயரைப் புனையவில்லை. ஆனால் கிளர்ச்சி அடங்கிய சூட்டில், அவனையே மேடையேற்றி, கார்ன்வால் கோமகனிடம் தோற்று ஓடச் செய்ததைத் தற்செயல் என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. கேட்டவர் செவியில் எந்தப் பெயர் ஒலித்திருக்கும்? கேள்வி வந்தால், “பழங்கதை ஐயா!” என்று ஆசிரியர் தப்பித்துக் கொள்ளலாமே!

‘பெவ்னன்ஸ் கே’ ஏடு 2000 ஆம் ஆண்டில்தான், மறைந்த பேராசிரியர் ஒருவரின் தாள்களோடு வேல்ஸ் தேசிய நூலகத்துக்கு வந்து வெளிப்பட்டது. 2007 இல் அச்சேறியது. முதலும் இறுதியும் சிதைந்த படி அது. அதன் பிற்பகுதியில் டியூடார் இல்லை. ஆர்தர் மன்னன் வருகிறான். உரோமாபுரிப் பேரரசன் திறை கேட்டுத் தூது விடுக்கிறான். தர முடியாது என்கிறான் ஆர்தர். வரிக்காக எழுந்து மாண்டவர்களின் உறவினர் மண்கரைமேல் அமர்ந்து அக்காட்சியைக் கண்டிருந்தால், அங்கே எழுந்த ஆரவாரம் எத்தகையதாக இருந்திருக்கும்!