வெள்ளி நாணயத்தின் இரு பக்கங்கள்

நாம் அன்றாடம் கடையில் எண்ணிக் கொடுக்கும் பணத்தை ‘ரிங்கிட்’ என்கிறோம். இச்சொல் எப்படி வந்தது என்று என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? மலாய் மொழியில் ‘ரிங்கிட்’ என்பது பல் பல்லாக அமைந்த விளிம்பைக் குறிக்கும். முற்காலத்தில் இவ்வட்டாரத் துறைமுகங்களில் புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் விளிம்பு அவ்வாறு இருந்தது. ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடுவோரைத் தடுக்கவே விளிம்பை அப்படி அச்சிட்டனர். காலப்போக்கில் அந்நாணயங்கள் மறைந்தன. பெயர் மட்டும் நிலைத்தது. 1975ஆம் ஆண்டில் ‘ரிங்கிட்’ நம் நாட்டு நாணயத்தின் அதிகாரப்பூர்வப் பெயராயிற்று.

ஸ்பெயின் எங்கே, பினாங்கு எங்கே? அந்த வெள்ளி நாணயம் இங்கு வந்து சேர்ந்த கதையைத் தெரிந்துகொண்டால், வரலாற்றைப் படிக்கும் முறையையும் சேர்த்தே கற்றுக்கொள்ளலாம்.

வெள்ளி பிறந்த இடம்

1492ஆம் ஆண்டு கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்தார். அவருக்குப் பின் நிலத்தையும் பொன்னையும் நாடி ஸ்பானியப் படைத்தலைவர்கள் பலர் அங்குச் சென்றனர். ஸ்பானிய மொழியில் இவர்களைக் ‘கொங்கிஸ்தடோர்’ என்பர். ‘வென்று கொண்டவர்’ என்பது அதன் பொருள். இவர்களுள் பெரும்பாலோர் மன்னரிடம் சம்பளம் பெற்ற படைவீரர்கள் அல்லர். தாங்களே பணம் திரட்டிப் பயணம் செய்தனர். கிடைத்த செல்வத்தில் ஐந்தில் ஒரு பங்கை மன்னருக்குச் செலுத்திவிட்டு, மீதியைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டனர்.

1519ஆம் ஆண்டில் எர்னான் கொர்தேஸ் சில நூறு வீரர்களுடன் மெக்சிகோவில் இறங்கினார். 1521இல் அஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லான் வீழ்ந்தது. இவ்வெற்றிக்கு வாளும் குதிரையும் மட்டும் காரணமல்ல. அஸ்தெக்குகள் மீது பகை கொண்டிருந்த தலாஸ்கலா மக்கள் ஆயிரக்கணக்கில் கொர்தேசுடன் சேர்ந்து போரிட்டனர். ஐரோப்பாவிலிருந்து வந்த பெரியம்மை நோயும் அந்நகர மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது.

1532ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கோ பிசாரோ, பெருவில் இன்கா பேரரசர் அதாவல்பாவைச் சிறைபிடித்தார். ஓர் அறை நிறையப் பொன்னும் மேலும் வெள்ளியும் தந்தால் விடுதலை என்பது பேச்சு. பொன்னும் வந்தது, வெள்ளியும் வந்தது. ஆயினும், 1533இல் பேரரசர் கொல்லப்பட்டார்.

பின்னர், 1545இல் இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி மலையில் பெரும் வெள்ளிச் சுரங்கம் கண்டறியப்பட்டது. சுற்று வட்டாரக் கிராமங்களின் ஆண்களுள் ஏறக்குறைய ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் அச்சுரங்கத்திற்குக் கட்டாய வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கும் மெக்சிகோவிலும் தோண்டிய வெள்ளி, நாணயமாக உருப்பெற்றது. மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து கப்பலேறி, பசிபிக் பெருங்கடலைக் கடந்து மணிலாவை அடைந்தது. சீன வணிகர்கள் பட்டுக்கும் பீங்கானுக்கும் அந்த வெள்ளியையே விலையாகக் கேட்டனர். ஆகவே, ஆசியத் துறைமுகங்கள் பலவற்றில் ஸ்பானிய வெள்ளியே நம்பிக்கைக்குரிய பணமாயிற்று.

புன்னை மர முனையில்

1786ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள், பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவின் தஞ்சோங் பெனாகா முனையில் இறங்கினார். ‘பெனாகா’ என்பது நாம் புன்னை என்றழைக்கும் மரமாகும். இன்று கார்ன்வாலிஸ் கோட்டை நிற்பது அவ்விடத்தில்தான். அடர்ந்த காட்டை அழிக்க ஆட்கள் தயங்கியபோது, லைட் வெள்ளி நாணயங்களைப் பீரங்கியில் இட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்றும், அவற்றைத் தேடியெடுக்கும் ஆசையில் மக்கள் காட்டை வெட்டித் தள்ளினர் என்றும் ஒரு கதை உண்டு. அது உண்மையோ கற்பனையோ, அக்கதையிலும் ஸ்பானிய வெள்ளியே மின்னுகிறது.

அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் லைட் தீவைத் தம் வசமாக்கிக் கொடியேற்றினார். அத்தீவு யாருமற்ற நிலமா? இல்லை. அது கெடா சுல்தானுக்கு உரியது. பத்து உபான் போன்ற இடங்களில் மலாய் மக்கள் அதற்கு முன்பே வாழ்ந்து வந்தனர்.

கெடா சுல்தான் அப்துல்லா முகாரம் ஷா தீவைச் சும்மா கொடுத்துவிடவில்லை. சயாமின் படையெடுப்பை அவர் அஞ்சினார். ஆபத்து வந்தால் கம்பெனி படையுதவி செய்ய வேண்டும் என்றும், தமக்கு ஏற்படும் வணிக இழப்புக்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி வழங்க வேண்டும் என்றும் கேட்டார். உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையை லைட் ஊட்டினார். ஆனால், கம்பெனி படையுதவிக்கு இணங்கவில்லை.

ஏமாற்றமடைந்த சுல்தான், 1791இல் பிறையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி அப்படையை முறியடித்தார். அதன்பின் ஏற்பட்ட உடன்படிக்கையில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று முடிவாயிற்று. ஒரு நாணயத்தின் எடை ஏறக்குறைய 27 கிராம். அப்படியானால், ஒரு தீவின் ஓராண்டு விலை ஏறக்குறைய 160 கிலோகிராம் எடையுள்ள வெள்ளி நாணயங்கள்! 1800ஆம் ஆண்டில் செபராங் பிறையும் கம்பெனி வசமானபோது அத்தொகை 10,000 ஆக உயர்ந்தது. சுல்தான் கேட்ட பாதுகாப்பு மட்டும் கிடைக்கவே இல்லை. 1821இல் சயாம் கெடாவின் மீது படையெடுத்தபோது, அப்போதைய சுல்தான் அகமது தாஜுடின் பினாங்கில் அடைக்கலம் புக நேர்ந்தது.

லைட் கொர்தேசைப் போல ஒரு பேரரசை அழிக்கவில்லை. பிசாரோவைப் போல அரசரைக் கொல்லவுமில்லை. இருவகை நிகழ்ச்சிகளையும் ஒன்றென்று கூறுவது பொருந்தாது. எனினும், வந்தவர் ஒரு பேச்சை வைத்துக் காரியம் சாதித்ததும், இருந்தவர் அப்பேச்சை நம்பி இழந்ததும் ஈரிடத்தும் நடந்தன.

நம் பக்கமும் பார்ப்போம்

கெடாவைப் பண்டைத் தமிழர் ‘கடாரம்’ என்றழைத்தனர். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கி வென்றது. அதனால், அவனுக்குக் ‘கடாரம் கொண்டான்’ என்னும் விருதுப்பெயர் வழங்கலாயிற்று. அப்பெயரைச் சொல்லும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால், ‘கொங்கிஸ்தடோர்’ என்ற சொல்லின் பொருளை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ‘கொண்டான்’ என்பதும் அதுதானே! அன்று கடாரத்தில் வாழ்ந்தவர்கள் அப்படையெடுப்பை எப்பெயரிட்டு அழைத்திருப்பார்கள்?

நம் முன்னோரின் திறனைப் போற்றுவது தவறன்று. வென்றவரின் பெயர் கல்வெட்டிலும் சிலையிலும் நிற்கும். தோற்றவரின் குரலை நாம்தான் தேடிக் கேட்க வேண்டும். அமெரிக்காவைக் கொலம்பஸ் ‘கண்டுபிடித்தார்’, பினாங்கை லைட் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதும் முன், அங்கு ஏற்கெனவே அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொண்டிருந்தவர்களை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நாணயத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து அதன் மதிப்பை அறிய முடியாது. வரலாறும் அப்படித்தான்.

அருஞ்சொற்பொருள்

வசம் – உடைமை, பிடி
உடன்படிக்கை – ஒப்பந்தம்
அடைக்கலம் – பாதுகாப்பான புகலிடம்
விருதுப்பெயர் – சிறப்புக் கருதி வழங்கும் பட்டப்பெயர்

சிந்தித்து விடையளி

1. ‘ரிங்கிட்’ என்ற பெயர் தோன்றியதற்கான காரணத்தை விளக்குக.
2. தெனோச்தித்லான் நகர் வீழ்ந்ததற்குரிய காரணங்கள் யாவை?
3. கெடா சுல்தான் கம்பெனியிடம் எதிர்பார்த்தவை யாவை? அவருக்குக் கிடைத்தது என்ன?
4. ‘கடாரம் கொண்டான்’ என்னும் விருதுப்பெயரைக் கட்டுரையாசிரியர் இங்குக் குறிப்பிடுவதன் நோக்கம் என்ன?
5. பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய நாளை, பத்து உபானில் வாழ்ந்த ஒருவரின் பார்வையில் 120 சொற்களில் எழுதுக.