மறிக்கலாம், சாவியைப் பிடுங்கலாமா?

கேள்வி: பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆட்டோ ஓட்டுகிறேன். போன சம்பள நாளன்று பதுளை ரோட்டில் பொலிஸார் மறித்தார்கள். லைசன்ஸை வாங்கினார்கள், சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். பின் சீட்டில் இருந்த அக்காவின் பையை ஆண் கொன்ஸ்டபிள் ஒருவர் கிளறினார். இரண்டு மணித்தியாலம் கழித்து, சிங்களத்தில் எழுதிய தாளொன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் திருப்பித் தந்தார்கள். தண்டச் சீட்டு எதுவும் எழுதவில்லை. நான் செய்த குற்றம் என்னவென்று இன்றுவரை தெரியாது. இதை யாரிடம் கேட்பது, சேர்?

பதில்: உங்களுக்குப் பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களை மறித்தது தவறில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பொலிஸார் கேட்டால் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டியே ஆக வேண்டும். மறித்ததே அநியாயம் என்று மனு எழுதினால் அது எடுபடாது. உங்கள் வழக்கு, மறித்த பிறகு நடந்ததில்தான் இருக்கிறது.

குற்றம் கண்டு லைசன்ஸைத் தம்மிடம் வைத்துக்கொள்வதானால் தண்டச் சீட்டு எழுத வேண்டும். 14 நாளுக்கு அந்தச் சீட்டே தற்காலிக அனுமதிப்பத்திரம். தபாற்கந்தோரில் பணத்தைக் கட்டி ரசீதைக் காட்டினால் லைசன்ஸ் கைக்கு வரும். 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பாகும், 28 நாளும் தாண்டினால் நீதவான் நீதிமன்றம். இந்த நடைமுறையில் சாவியைப் பிடுங்குவதற்கு இடமே இல்லை.

சாவியைப் பிடுங்கி உங்களை நிறுத்திவைத்ததைக் கைது என்றே வாதாடலாம். “ஸ்டேஷனுக்கே கொண்டுபோகவில்லை, பிறகெப்படிக் கைது?” என்று கேட்பார்கள். 1989ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் உள்ள நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கைப் பாருங்கள். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவரைப் பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார் ஓர் உத்தியோகத்தர். விலங்கு மாட்டவில்லை. ஆனாலும் விரும்பிய இடத்துக்குப் போகும் சுதந்திரம் அந்தக் கணமே பறிபோனது, ஆகவே அது கைதுதான் என்றார் பிரதம நீதியரசர் சர்வானந்தா. சாவியில்லாத ஆட்டோவோடு வீதியோரத்தில் இரண்டு மணித்தியாலம் நின்ற உங்களுக்கும் இதே வாதம் பொருந்தும் என்பது என் கருத்து. கைதென்றால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13(1). உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

பை விடயம் சற்றுச் சிக்கலானது. பெண்ணைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்ணே சோதிக்க வேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. கைப்பையைக் கிளறுவதும் அதில் அடங்குமா என்பதை வாதாடித்தான் நிறுவ வேண்டும். அந்த அக்கா தனியாக முறைப்பாடு செய்யட்டும். உங்கள் மனுவுக்கு அவர்தான் முதற்சாட்சி.

எனக்கு அதிகம் கவலை தருவது அந்தத் தாள். தோட்டத்து ஆட்கள் பலர் “சைன் பண்ணிட்டுப் போ” என்றதும் வாசிக்காமலே போட்டுவிடுகிறார்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திட மறுக்கலாம். போட்டாகிவிட்டதால், வாசித்து விளக்காமலே வாங்கினார்கள் என்பதை எல்லா முறைப்பாட்டிலும் முதலில் எழுதுங்கள்.

முறைப்பாட்டைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளைப் பிராந்திய அலுவலகத்துக்கும் கொடுங்கள். கூடவே 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அன்று அந்த இடத்தில் கடமையில் இருந்தவர்கள் யார், யாருடைய உத்தரவின் பேரில் என்று தமிழிலேயே கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். பெயர் தெரியாத உத்தியோகத்தருக்கு எதிராக வழக்காடுவது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடுவதானால், சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். ஆனால் முறைப்பாட்டு இலக்கத்தைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நடந்ததா என்று நீதிமன்றம் கேட்டு, இல்லையென்றதும் மனுவைத் தள்ளியிருக்கிறது. பதுளையிலிருந்து புதுக்கடைக்குப் போய்வருவதே ஒரு நாட்கூலிக்கு மேல் செலவு. ஆகவே முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும்.

இதற்கிடையில் தோட்டத் தலைவர் வந்து, “பெரிய சேரோடு பேசி முடிச்சிரலாம்” என்பார். தாராளமாகப் பேசுங்கள். பேச்சு நடக்கிறது என்பதற்காக அந்த ஒரு மாதம் நிற்காது.