மதுரைக்கால்

நோய்க்கு ஊர்ப்பெயர் இடுவது உலக வழக்கு. தமிழ் வளர்த்த மதுரையின் பெயரும் அவ்வாறு ஒரு நோயின்மேல் ஏறியுள்ளது. 1842 ஆம் ஆண்டில் மதுரை மருந்தகத்தில் ஜோன் கில் என்னும் வைத்தியர், பாதம் வீங்கிப் பல துளைகளாற் சீழ் வடியும் நோயாளரைக் கண்டு அறிக்கை எழுதினார். அதனால் ‘மதுரைக்கால்’ என்னும் பெயர் நிலைத்தது. பின்னர், கிறேயின் உடற்கூற்றியல் நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் காட்டர் பம்பாயில் இதனை ஆராய்ந்து, பங்கசே காரணம் என எடுத்துரைத்தார். சிலவகைப் பற்றீரியாக்களாலும் இது விளையும் என்பது பிற்காலத்தார் தெளிந்தது.

மண்ணிலும் முள்ளிலும் உறையும் இக்கிருமி, வெறுங்காலிற் பட்ட சிறு காயத்தின் வழியே உட்புகும். நெடுந்தீவின் கல்வேலியோரத்திலும் நயினாதீவின் பனங்கூடலிலும் முள் தைத்தால், பிடுங்கி எறிந்துவிட்டு நடப்பதன்றோ நாம் சிறுவயதிற் கற்ற வைத்தியம்! நோய் அரியதே, ஆயினும் அதன் வஞ்சகம் பெரிது. வீக்கம் பெரும்பாலும் நோவதில்லை. நோவாததை யார் பொருட்படுத்துவர்? ஆண்டுகள் கழியும், கிருமி என்பையும் மூட்டையும் அரித்துவிடும்.

சீழுடன் சிறு குருணைகள் வெளிப்படுதல் இந்நோயின் அடையாளம். கருங்குருணை பெரும்பாலும் பங்கசைக் குறிக்கும். வெள்ளையும் மஞ்சளும் இரண்டிலும் வரும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாது, குருணையையும் தசைத் துணுக்கையும் ஆய்வுகூடத்திற் சோதித்தல் வேண்டும். பற்றீரியாவைக் கொல்லும் மருந்து பங்கசைத் தீண்டாது. பங்கசாயின் இற்றாக்கொனசோல் போன்ற மருந்தை ஓராண்டு அல்லது அதற்கு மேலும் உட்கொண்டு, சத்திரசிகிச்சையும் செய்துகொள்ள நேரும். என்பு எவ்வளவு அரிபட்டது என்பதை எக்ஸ்கதிர்ப் படம் காட்டும். காலந் தாழ்த்தினோர் சிலர்க்குக் காலையே துணிக்க வேண்டியதாகும். உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

மாணாக்கர்க்கு நாம் கூறுவது இதுவே: தோட்டத்திற்குச் செல்லுங்கால் செருப்பணிக. முள் தைத்தால் முழுவதும் எடுத்து, சவர்க்காரமிட்டுக் கழுவுக. நோவற்ற வீக்கம் வாரக்கணக்கில் வற்றாதிருப்பின், கீறுதலும் பற்றுப் போடுதலும் தவிர்த்து வைத்தியரை நாடுக. பழைய மாணவர்காள், வயல் செய்யும் உம் தந்தையார் காலையும் ஒருமுறை பாருங்கள். நோவில்லை என்று அவர் சொல்வாராயின், அதனோடு அமைந்துவிடாதீர்கள்.