ரயில் நின்றுபோன பாதையில் சைக்கிள் சவாரி!

மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். "ஆறு மாசம் வந்து இருந்துட்டுப் போங்க" என்று டிக்கெட் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நீங்களும் ஊறுகாய், பருப்புப் பொடி, ஆறு மாதத்துக்கான மாத்திரைகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறீர்கள். சரி, திரும்பி வரும்போது?

இப்படிப் போய் வந்து என்னிடம் வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். எடை கூடிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, முட்டி பிடித்துக்கொண்டது. "அங்கே எங்கே டாக்டர் நடக்கிறது? பால் வாங்கணும்னாலும் கார்தான். பிள்ளைங்க ஆபீஸ் போயிட்டா சாயந்திரம் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதே அமெரிக்கப் புறநகர்கள் பலவற்றில், கார் நுழைய முடியாத நீண்ட பாதைகள் வீடுகளின் பின்பக்கமாகவே போகின்றன. ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதைகள் அவை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, தார் போட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். ஐம்பது, அறுபது வயது முழங்காலுக்கு இதைவிடப் பொருத்தமான ரோடு கிடைப்பது அரிது. ஏன் என்று பார்ப்போமா?

பாதை பிறந்த கதை

காரும் லாரியும் பெருகியதும், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதைகள் கைவிடப்பட்டன. 1963-ல் சிகாகோ பக்கத்தில் மே வாட்ஸ் என்ற இயற்கை ஆர்வலர், மூடிக் கிடக்கும் ஒரு ரயில் பாதையை மக்கள் நடக்கும் பாதையாக்க வேண்டும் என்று 'சிகாகோ ட்ரிப்யூன்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இல்லினாய் மாநிலத்தின் 'பிரெய்ரி பாதை' அதிலிருந்து பிறந்ததுதான். 1983-ல் சட்டத்திலேயே ஒரு வழி செய்தார்கள். ரயில் நின்றுபோன நிலத்தைத் துண்டு போடாமல் பாதையாக வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்!

நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் பாஸ்டன் புறநகரில் உள்ள 'மினிட்மேன்' பாதையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1846-ல் ரயில் வந்த தடம். பயணிகள் ரயில் 1977 ஜனவரியோடு நின்றது. 1992-ல் சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். நீளம் சுமார் 16 கிலோமீட்டர். கேம்பிரிட்ஜில் ஏல்வைஃப் மெட்ரோ ஸ்டேஷன் அருகே தொடங்கி ஆர்லிங்டன், லெக்ஸிங்டன் வழியாக பெட்ஃபோர்டு வரை போகிறது. அமெரிக்க சுதந்திரப் போர் 1775 ஏப்ரல் 19-ல் தொடங்கிய அதே லெக்ஸிங்டன்தான். ஒரு நிமிஷத்தில் ஆயுதத்தோடு கிளம்பத் தயாராக இருந்த அந்த ஊர்ப் படையினர் பெயரைத்தான் பாதைக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்துக்கும் நம் சென்னைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பாதை ஓரம் ஆர்லிங்டனில் 'ஸ்பை பாண்ட்' என்ற ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் உறைந்த ஏரியை அறுத்து, ஐஸ் கட்டிகளை இந்த ரயிலில் ஏற்றினார்கள். பாஸ்டன் வட்டார ஏரிகளின் ஐஸ், கப்பலேறி நம் ஊர் வரைக்கும் வந்தது. அதைச் சேமித்து வைக்க 1842-ல் கட்டியதுதான் மெரினா கடற்கரை எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்!

முழங்காலுக்கு ஏன் நல்லது?

ரயில் எஞ்சினுக்குச் செங்குத்தான மேடு ஆகாது. அதனால்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற, தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வைக்க வேண்டியிருந்தது. சாதாரண ரயில் பாதை போடுகிறவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, நூறடி போனால் ஓரடி, இரண்டடிதான் ஏறும்படி பார்த்துக்கொள்வார்கள். ரயிலுக்காகச் செய்த அந்த வேலை, இன்று உங்கள் முழங்காலுக்கு உதவுகிறது. மூச்சு வாங்காது, பெடலை எழுந்து நின்று மிதிக்க வேண்டாம்.

நடக்கும்போது உடல் எடையை முட்டி தாங்குகிறது. சைக்கிளில் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்கிறது. முட்டி மட்டும் மடங்கி நீள்கிறது. தொடைத் தசை வலுத்தால் முட்டியின் சுமை குறையும். சித்த மருத்துவத்தில் முட்டி வலியை வாதத்தோடு சேர்த்துப் பேசுவோம். அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் மூட்டு இறுகும். அளவு மீறி உழைத்தாலும் வாதம் மிஞ்சும். அளவான அசைவுதான் மருந்து.

ஒன்றை மறக்கக் கூடாது. எடையைச் சீட் தாங்குவதால், எலும்பு உறுதிக்குச் சைக்கிள் மட்டும் போதாது. முக்கியமாக மாதவிலக்கு நின்ற தாய்மார்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதே பாதையில் நடக்கவும் வேண்டும்.

ஏறும் முன் கவனியுங்கள்

சீட் உயரம்: சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். பேரனுடைய சைக்கிளை அப்படியே எடுத்து ஓட்டினால், சீட் தாழ்ந்து முட்டியின் முன்பக்கம் வலிக்கும்.

பிரேக்: இது மிக முக்கியம். நம் ஊர்ச் சைக்கிளில் வலது கை பிரேக் முன் சக்கரத்துக்கு. அங்கே பொதுவாக இடது கை பிரேக்தான் முன் சக்கரத்துக்கு. பழக்க தோஷத்தில் இடது கையை இறுக்கிப் பிடித்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்! முதல் நாள் வீட்டு வாசலிலேயே ஓட்டி, கையைப் பழக்குங்கள்.

வலப்பக்கம்: அங்கே வலது ஓரமாகப் போக வேண்டும். முந்துகிறவர்கள் இடப்பக்கமாக வருவார்கள். பின்னால் மணி அடித்தாலோ குரல் கொடுத்தாலோ திரும்பிப் பார்த்துத் தடுமாறாதீர்கள். நேராகப் போனால் போதும்.

குறுக்கு ரோடு: பாதையில் கார் வராது என்றாலும், பாதை சில இடங்களில் ஊர் ரோட்டைக் கடக்கிறது. அங்கே நின்று, இருபுறமும் பார்த்து, சந்தேகம் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

ஹெல்மெட்: மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 16 வயது வரை சட்டப்படி கட்டாயம். அறுபது வயதுக்குச் சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் மண்டை ஒன்றுதானே! துப்பட்டா, தொளதொள பேன்ட் இரண்டும் சக்கரத்தில் சிக்காமல் செருகிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தூரம்?

முதல் வாரம் பத்து நிமிஷம் போய், பத்து நிமிஷத்தில் திரும்புங்கள். ஓட்டிக்கொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கியரை இலகுவாக வைத்து, கால் வேகமாகச் சுழலும்படி மிதியுங்கள். மெல்லக் கூட்டி, நாளுக்கு 30 நிமிஷம், வாரம் ஐந்து நாள் என்று கொண்டுவந்தால் 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுவே.

மினிட்மேன் பாதை கேம்பிரிட்ஜ் பக்கமிருந்து லெக்ஸிங்டன் வரை மெல்ல ஏறுமுகம். ஆர்லிங்டனில் பிள்ளை வீடு இருந்தால் போகும்போது ஏற்றம், களைத்துத் திரும்பும்போது இறக்கம். நல்லது. லெக்ஸிங்டனில் வீடு இருந்தால் கதை தலைகீழ்! 'சுலபமா இருக்கே' என்று கிழக்கே வெகுதூரம் போய்விட்டால் திரும்பும்போது ஏற வேண்டும். அவர்கள் பாதி பலம் மிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு: இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. சட்டைப் பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே இறங்கிச் சாப்பிடுங்கள். சைக்கிள் ஓட்ட ஆரம்பித்துவிட்டோம் என்று எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

காற்றும் புல்லும்

அந்த ஊர்க் குளிர் காற்று வாதத்தைக் கிளப்பும். இலையுதிர் காலத்தில் முட்டியை மூடி, காதைக் கட்டிக்கொண்டு வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். பனி உறைந்த நாளில் சைக்கிளைத் தொடவே வேண்டாம். வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீர், சுக்கு தட்டிப் போட்ட கஞ்சி நல்லது. இரவில் இளஞ்சூடான நல்லெண்ணெயை முட்டியில் தடவி, அழுத்தாமல் நீவிவிடலாம்.

பாதை ஓரப் புல்லுக்குள் இறங்காதீர்கள். அந்தப் பகுதியில் மான் உண்ணி உண்டு. அது கடித்தால் 'லைம்' என்ற காய்ச்சல் நோய் வரலாம். வீடு வந்ததும் முட்டி மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். மூலிகைப் பழக்கம் உள்ள நம்மவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மூன்று மூன்று இலையாக, வில்வத்தை நினைவுபடுத்துவதுபோல ஒரு கொடி இருக்கும். 'பாய்சன் ஐவி' என்பார்கள். தொட்டாலே தோல் கொப்பளிக்கும். தெரியாத இலையைப் பறிப்பதும் மெல்வதும் வேண்டவே வேண்டாம்.

"சைக்கிளை விட்டு முப்பது வருஷமாச்சே, டாக்டர்?"

பரவாயில்லை. ஒரு வாரம் தள்ளிக்கொண்டே நடங்கள். பிறகு சீட்டைக் கொஞ்சம் தாழ்த்தி, இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி வைத்துப் பழகுங்கள். பழகியதும் சரியான உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். தடுமாற்றம் இருந்தால் பெரியவர்களுக்கான மூன்று சக்கரச் சைக்கிள் இருக்கிறது. அதுவும் இல்லையா, நடங்கள். பாதை உங்களுக்கும்தான்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும்போதே, உங்கள் வீட்டுப் பக்கத்தில் இப்படி ஒரு பாதை இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். முதல் இரண்டு நாள் கூடவே போய்க் காட்டுங்கள். அந்தப் பாதையில் எதிரே வருகிற அந்த ஊர்ப் பெரியவர் 'குட் மார்னிங்' சொல்வார். உங்கள் அப்பாவும் பதிலுக்குச் சொல்வார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் மனசுக்கு அதுவும் ஒரு மருந்துதான்.